பசி வேறு, நாவின் வேட்கை வேறு
(விம்கோ நகரில் புரட்டாசி மாதத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விம்கோ நகருக்குத் தெற்கே அண்மையில் விளங்குவது திருவொற்றியூர்த் திருத்தலம். வடிவுடையம்மைக்கு மாணிக்கமாலை சூட்டிய வள்ளற்பெருமான் இராமலிங்க அடிகள் நாள்தோறும் வழிபட்ட தலம் இது. ஒருநாள் இரவு வழிபாடு முடிந்து வீடு திரும்பிய அடிகள், கதவு தாழிடப்பட்டிருந்தமையால் பசியோடு திண்ணையில் படுத்திருக்க, அன்னையே அண்ணியார் வடிவில் வந்து அமுதூட்டினாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பசியின் கொடுமையை உணர்ந்த அப்பெருமான் 1867-ஆம் ஆண்டு வடலூரில் தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

பசியை ஆற்றுவது அறம். ஆனால் பசியும் நாவின் வேட்கையும் ஒன்றல்ல. பசி படிப்படியாக எழும். எளிய சோறு கிடைத்தாலும் அடங்கும். வேட்கையோ திடீரென எழும். குறிப்பிட்ட ஒரு பண்டத்தையே கேட்கும். வயிறு நிறைந்த பின்னும் ஓயாது.

புரட்டாசியில் புலால் நீக்கிச் சைவ உணவு கொள்ளும் அன்பர் பலர். பகலெல்லாம் பட்டினி கிடந்து, மாலையில் வடை, போண்டா, இனிப்பு என்று அளவின்றி உண்டு வருந்துவோரும் உளர். ஆலைகளில் இரவு முறைப்பணி செய்வோர்க்கு இத்துன்பம் மிகுதி. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகும் என மருத்துவ நூலார் கூறுவர். எனவே இதனை மனவுறுதியின் குறை என்று மட்டும் கருதுதல் பொருந்தாது.

இதற்கு வழி யாது? முதலாவது, வேளை தவறாது உண்ணுதல். நெடும்பட்டினியே பெருந்தீனிக்கு வாயில். இரண்டாவது, சோற்றின் அளவைச் சற்றே குறைத்துப் பருப்பு, சுண்டல், பயறு, கீரை, காய்களை மிகுத்தல். புரதமும் நாரும் உள்ள உணவு நெடுநேரம் பசி தாங்கும். மூன்றாவது, நிதானமாக உண்ணுதல். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். மிகுந்த விரைவும் மிகுந்த தாமதமும் இன்றி உண்ணுமாறு நித்திய கரும விதியில் வள்ளலார் வகுத்திருப்பதும் இங்கு எண்ணத்தக்கது. நான்காவது, விரும்பிய பண்டத்தை அறவே விலக்காமல், உணவுக்குப் பின் சிறிதளவு இலையில் இட்டு, அமர்ந்து உண்ணுதல். முற்றிலும் தடுத்த ஆசை, ஒருநாள் இருமடங்காய் எழும்.

ஒருநாள் அளவு மீறினால் மறுநாள் பட்டினியால் தம்மைத் தண்டித்தல் கூடாது. அப்பட்டினியே மீண்டும் மிகையுணவில் தள்ளும். அடுத்த வேளை உணவை வழக்கம்போல் கொள்வதே அச்சுழலை அறுக்கும். நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே நோன்பு ஏற்க வேண்டும்.

எவ்வளவு முயன்றும் நிறுத்த இயலாமல், பிறர் அறியாது மறைந்து உண்டு, பின் நாணி வருந்தும் நிலை வாரந்தோறும் தொடருமானால் அது நோயாக இருக்கலாம். 2013-ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. மறைக்க வேண்டா, மருத்துவரை நாடுங்கள். 14416 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனை பெறலாம்.

பிறர் பசிக்கு இரங்கிய வள்ளலின் வழி நிற்கும் நாம், நம் உடம்பினிடத்தும் இரக்கம் காட்டுவோம். உடம்பும் ஓர் உயிர் தங்கும் ஆலயமன்றோ! அதனை வருத்தாமலும் திணிக்காமலும் பேணி, நலமுடன் வாழ வடிவுடையம்மை அருள்புரிவாளாக.