மதில்மேல் நின்று பார்த்தவர்கள்

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்து என்னை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! அவையோரே!

‘இருண்ட நெடுங்கதைகள் மனத்தைச் சோர்வடைய வைக்கின்றன’ என்று எதிரணித் தலைவி முழங்கிவிட்டுப் போனார். “வீட்டுல இருக்கிற கவலை பத்தாதா? காசு கொடுத்து வேற வாங்கணுமா?” என்று கேட்டார். ஏம்மா, தினம் ராத்திரி டி.வி.யில நாலு பேர் அழறதைப் பார்த்துட்டுத்தானே தூங்கப் போறோம்? (சிரிப்பு)

நான் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீவன் எரிக்சன், கனடா நாட்டவர். தொல்லியலும் மானுடவியலும் பயின்றவர். ‘மலாசான்’ வரிசையில் 1999 முதல் 2011 வரை பத்துப் பெரும் நாவல்கள் எழுதினார். இரண்டாவது, 2000இல் வந்த ‘டெட்ஹவுஸ் கேட்ஸ்’. எடுத்த எடுப்பிலேயே பாத்திரங்களின் பட்டியல். கல்யாண வீட்டில் பாட்டி உறவுமுறை சொல்வது மாதிரி அது பாட்டுக்குப் போகிறது! (சிரிப்பு)

கதைக்கு வருகிறேன். மலாசான் பேரரசு பிடித்து ஆண்ட ஒரு நிலம் கிளர்ந்து எழுகிறது. ஹிஸார் நகரிலிருந்து ஆயிரக்கணக்கான அகதிகளை, நெடுந்தொலைவில் உள்ள ஆரென் கோட்டைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். வழியெல்லாம் பகை. பொறுப்பு யாருக்கு? கோல்டெய்ன் என்ற தளபதிக்கு. அவன் யார்? அதே பேரரசை ஒரு காலத்தில் எதிர்த்து நின்ற பழங்குடித் தலைவன். அவன் காப்பாற்றுகிற பிரபுக்களோ அவனைக் காட்டுமிராண்டி என்கிறார்கள்! அத்தனை பேருக்காகவும் போரிட்டுக்கொண்டே நடக்கிறான்.

அகதிகள் கோட்டைக்குள் சேர்ந்துவிடுகிறார்கள். பின்னால் நின்று காத்த கோல்டெய்னும் அவன் வீரர்களும் மதிலுக்கு வெளியே, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மடிகிறார்கள். உள்ளே பெரும்படை இருக்கிறது. ஆனால் மேலதிகாரி வெளியே போக விடவில்லை. கோல்டெய்னைப் பகைவர் சிலுவையில் அறைகிறார்கள். மதில்மேல் நின்ற வில்லாளி ஒருவன், வேதனையை முடித்துவைக்க அவன்மேலேயே அம்பு எய்கிறான். வேறென்னய்யா செய்வான்?

எதிரணித் தம்பி கேட்டார்: “கற்பனைதானே? செத்தவன் யாருமே இல்லையே?” தம்பி, அங்கேதான் சூட்சுமம் இருக்கு. நாளிதழில் ஒரு சாவுச் செய்தி. நாம முதல்ல என்ன கேக்குறோம்? எந்த ஊரு? எந்த மதம்? எந்தக் கட்சி? பதில் தெரிஞ்ச பிறகுதான் கண்ணீரை விடலாமா வேணாமான்னு முடிவு பண்றோம்! (பலத்த கைதட்டல்)

இந்த நாவலில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ஹிஸாரில் நமக்குச் சொந்தக்காரன் கிடையாது. ஆரெனில் நம் சாதிக்காரன் கிடையாது. பேரரசும் யோக்கியமில்லை. கிளர்ச்சிக்கும் நியாயம் உண்டு, அதன் கையிலும் ரத்தம் உண்டு. கட்சி சேர வழியில்லாமல் போனதால், செத்தவனை மனிதனாக மட்டும் பார்க்கிறோம். உண்மைச் செய்தி நமக்குக் கற்றுத்தராத ஒன்றை இந்தக் கற்பனை கற்றுத்தருகிறது.

அந்தப் படையோடு டுய்க்கர் என்ற முதியவர் நடக்கிறார். பேரரசின் வரலாற்றாசிரியர். பார்ப்பதும் நினைவில் வைப்பதும் அவர் வேலை. அவர் கண்ணை மூடியிருந்தால், அத்தனை பேரும் இரண்டாம் முறை செத்திருப்பார்கள். படிக்கிற நமக்கும் அதே வேலைதான்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடித்துவிடுகிறேன் ஐயா. மனம் கனக்கிறது என்கிறார்கள் எதிரணியினர். கனக்கட்டும்! கனக்கிற மனம்தான் பிறர் துயரத்துக்கு இடம் கொடுக்கும். துயரம் எதுவும் தொடாத மனம் தூய்மையானது அல்ல, மரத்துப்போனது. ஆகவே, இருண்ட நெடுங்கதைகள் மனத்தைச் செம்மைப்படுத்துகின்றன என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி விடைபெறுகிறேன். (கைதட்டல்)