புறவாசலில் ஒரு குட்டிக் குளம்: மீன் விடலாமா, வேண்டாமா?



சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் நம்ம பக்கத்து மக்களுக்குத் தண்ணீர் ஆசை வந்துவிடும். ஐந்தருவியில் குளித்துவிட்டு வீடு திரும்பும்போதே, "நம்ம புறவாசலில் ஒரு சின்னக் குளம் வெட்டி, அல்லிக்கிழங்கு ஊன்றி, நாலு மீன் விட்டால் என்ன?" என்று அண்ணாச்சிக்குத் தோன்றும். இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னை நிற்கிற இடம் இருந்தால் இது நடக்காத காரியமும் அல்ல. வீட்டு அம்மாவோ, "கொசு வரும், பிள்ளை விழும், உங்க சோலியப் பாருங்க" என்பார்கள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் அம்மா சொல்வதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அருவி என்றால் பயப்படுகிறோம். புறவாசல் தொட்டியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. தவழுகிற, தள்ளாடி நடக்கிற பிள்ளைக்கு அரை அடித் தண்ணீரே போதும். அந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். குப்புற விழுந்தால் எழத் தெரியாது, சத்தமும் வராது. தாய் அடுப்படியில் தோசையைத் திருப்பிப் போட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

ஆகவே வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் குளத்தைத் தள்ளிப் போடுங்கள் என்பதே என் யோசனை. ஆசை பொறுக்கவில்லை என்றால், குளத்தின்மேல் இரும்புச் சட்டத்தில் கம்பி வலை அடித்துப் பூட்டுங்கள். பிள்ளை ஏறி நின்றாலும் வலை தொய்ந்து தண்ணீரைத் தொடக்கூடாது. ஒரு அடிக் கைப்பிடிச் சுவர் காவல் ஆகாது. பிள்ளைகளுக்கு அது ஏறி உட்காரும் திண்ணை.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. கைக்குழந்தை ஒன்று, ஓடுகிற பிள்ளை ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இருக்கிற தாய்க்கு எத்தனை கண் இருக்கும்? ஒரு பேறுக்குப் பின் இரண்டு ஆண்டாவது கழித்து அடுத்த கர்ப்பம் தரிப்பது தாய்க்கும் நல்லது, மூத்த பிள்ளைக்கும் நல்லது. காப்பர்-டி, ஊசி, மாத்திரை, ஆணுறை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கணவனும் மனைவியும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

தப்பித்தவறிப் பிள்ளை விழுந்துவிட்டால், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். நம் ஊர்களில் இன்னும் அப்படிச் செய்கிறார்கள்; பொன்னான நேரம் அதில் போய்விடுகிறது. மூச்சில்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, மோவாயைச் சற்றே தூக்கி, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். நெஞ்சு நடுவில் 30 முறை வேகமாக அழுத்துங்கள். மறுபடி இரண்டு ஊதல், 30 அழுத்தல். மூச்சு வரும்வரை, அல்லது ஆள் வரும்வரை நிறுத்தவேண்டாம். அதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். பிள்ளை கண் விழித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

சரி, குளத்துக்கு வருவோம். ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம் போதும். சுமார் ஆயிரம் லிட்டர் பிடிக்கும். கக்கூஸ் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் எட்டத்தில், பாதி நேரம் நிழல் விழும் இடமாகப் பாருங்கள். புளியமரத்தடி வேண்டாம், இலை உதிர்ந்து அழுகித் தண்ணீர் நாறும்.

மீன் விடாத குளம் என்றால் வாரம் ஒரு நாள் முழுக்க இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிடவேண்டும். கொசு முட்டை பறக்கிற கொசுவாக எட்டுப் பத்து நாள்தான் ஆகும். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் தேய்க்கச் சொல்லுகிறேன். ஆயிரம் லிட்டரை வாராவாரம் இறைப்பீர்களா? முதல் மாதம் இறைப்பீர்கள், அப்புறம் நடக்காது. அதனால் குளம் என்று வெட்டினால் மீன் விடுவதே மேல்.

கப்பி மீன் இருபது போதும். முட்டையிடாமல் குட்டி போடும் ஜாதி; மாதம் ஒரு ஈற்று. கொசுப்புழு மூச்சு வாங்க மேலே வரும்போது கொத்தித் தின்றுவிடும். கம்பூசியா என்ற கொசு மீன் 1928-ல் நம் நாட்டுக்கு வந்தது. அதுவும் புழு தின்னும். ஆனால் மற்ற மீன்களின் குஞ்சையும் முட்டையையும் விடாது. நம் ஓடைகளிலேயே தலைமேல் வெள்ளிப் பொட்டு மின்னும் சிறு மீன் ஒன்று உண்டு. மலையாளத்தார் மானத்துக்கண்ணி என்பார்கள். அது கிடைத்தால் இன்னும் நல்லது. குழம்புக்கு ஆகும் என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடாதீர்கள். தடை செய்யப்பட்ட மீன் அது.

ஆகாயத்தாமரையும் வேண்டாம். ஒரு ஜாதிக் கொசுவின் புழு அதன் வேரைக் குத்தியே மூச்சு வாங்கும், மேலே வராது. மீன் என்ன செய்யும்? அல்லி போடலாம், அதுவும் பாதிக் குளத்துக்கு மேல் பரவ விடாமல். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வெயிலில் நிற்கவிட்டு மீனை விடுங்கள். பிளீச்சிங் பவுடர் பட்டால் மீன் செத்துப்போகும்.

ஐப்பசி மழையில் குளம் வழியும். வழியும் தண்ணீர் வாய்க்கால் பிடித்துச் சிற்றாற்றுக்குப் போகும், அங்கிருந்து தாமிரபரணிக்கு. வெளிநாட்டு மீன் அந்த வழியே போனால் ஆற்று மீனுக்குக் கேடு. வழிவாயில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். சித்திரையில் தண்ணீர் குறையும். வாரம் நாலு குடம் ஊற்றினால் தாங்கும்.

குளத்தில் மீன் விட்டாயிற்று என்று பிளாஸ்டிக் டிரம்மையும், ஆட்டுக்கல் குழியையும், தேங்காய்ச் சிரட்டையையும் மறந்துவிடாதீர்கள். டெங்குக் கொசு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. அது பகலில் கடிக்கும். தொட்டிலுக்குப் பகலிலும் வலை கட்டுங்கள். கர்ப்பிணி பகலில் படுத்தாலும் வலைக்குள் படுக்கட்டும்.

மீன் எங்கே கிடைக்கும் என்பீர்கள். அடுத்த முறை கிராம சுகாதார செவிலியர் வரும்போது கேட்டுப் பாருங்கள். மூடியில் ஓட்டை போட்ட தூக்குவாளி ஒன்று கையோடு இருக்கட்டும்.