உதிரத்தில் உலவும் புற்றணுக்கள்
(மகளிர் கூட்டத்தில் நம் பள்ளி இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



பைத்துல்மால் நிதியிலிருந்து நம் மஹல்லாப் பெண்களுக்குப் புற்றுநோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை செய்து கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை வந்தது. என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். நான் மருத்துவம் பயின்றவன் அல்லன். விசாரித்து அறிந்ததைக் கூறுகிறேன்.

புற்றுக்கட்டியிலிருந்து சில அணுக்கள் பிரிந்து இரத்தத்தில் ஓடுகின்றன. 1869-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஆஷ்வொர்த், இறந்த நோயாளி ஒருவரின் இரத்தத்தில் அவற்றைக் கண்டார். ஆனால் பிடிப்பது எளிதன்று. ஒரு மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்கள். அவற்றினிடையே புற்றணு ஒன்றோ இரண்டோ, சிலவேளை அதுவும் இராது. நாமக்கல்லில் லாரிக் கூடு கட்டும் பட்டறைகளில் மண்ணில் சிந்திய இரும்புத் தூளைக் காந்தத்தால் திரட்டுவார்கள் அல்லவா? செல்சர்ச் என்னும் கருவியின் வேலையும் அதுவே. புற்றணுவில் ஒட்டும் புரதம் பூசிய நுண்ணிய இரும்புத் துகள்களை இரத்தத்தில் கலந்து, காந்தத்தால் இழுக்கிறது. 2004-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 7.5 மில்லி இரத்தத்தில் ஐந்து அணுக்களோ மேலோ இருப்பின், பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயாளியின் நிலை கடினம் என்று பொருள். கவனியுங்கள்: இது நோய் உறுதியானவருக்கான கணக்கு.

நலமாயிருப்பவரிடம் தேடும் முயற்சியும் நம் நாட்டில் நடந்தது. நாசிக்கிலுள்ள தாதார் கேன்சர் ஜெனிடிக்ஸ் நிறுவனத்தின் மார்பகப் பரிசோதனையை 2022-இல் அப்போலோ மருத்துவமனை அறிமுகம் செய்தது. கட்டணம் 6,000 ரூபாய் என்றார்கள். எனினும் மாமோகிராம் படத்திற்கு மாற்றாக அத்தகைய சோதனை ஏற்கப்பட்டுவிடவில்லை. அதில் ஐயம் தெரிந்தாலும் படமும் சதைப் பரிசோதனையும் செய்தே தீரவேண்டும்.

ஆகவே அந்த யோசனைக்கு நான் இசையவில்லை. நம் மஹல்லாவில் ஒரு சகோதரி எட்டு மாதம் கட்டியை மறைத்தார். காசில்லாமல் அன்று, வெட்கத்தால். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நாணம் மார்க்கம் போற்றும் குணம்தான். உயிரைக் காக்கும் வழியை அடைப்பதற்கு அது அருளப்படவில்லை. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசமாகவே நடக்கிறது. அங்கே ஐயம் தோன்றினால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குச் செல்ல வேன் வாடகையைப் பைத்துல்மால் ஏற்கட்டும்.

நோன்பில் சோதனைக்கு இரத்தம் எடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்டனுப்பினார். நோன்பு முறியாது, உளூவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பெயர் கொடுக்க விரும்புவோர் என் வீட்டாரிடம் சொல்லலாம், என்னிடம் வரவேண்டியதில்லை.