கம்பி வாங்குவதில் கவனம்

 

தெருவிளக்குக்கும், குடிநீர் மோட்டாருக்கும், வயலிலுள்ள பம்புசெட்டுக்கும் மின்கம்பி இன்றியமையாதது. மோட்டாரை நாலு பேரிடம் விசாரித்து வாங்குவோரும், கம்பிக்கு விலையொன்றையே கேட்கின்றனர். ஆனால் மோட்டாரின் ஆயுளுக்குக் கம்பியின் தரமும் ஒரு முக்கிய காரணமாகும்.

இதை ஒரு கணக்கால் விளக்குவோம். 100 மீட்டர் தூரத்திலுள்ள ஒருமுனை மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 15 வோல்ட் வழியிலேயே குறையும். கம்பி உண்மையில் 1.5 அளவே உடையதானால் 25 வோல்ட் குறையும். அழுத்தம் குறைந்தால் மோட்டார் அதிக மின்சாரம் இழுத்துச் சூடேறும். நாளடைவில் சுருள் கருகும். கம்பியில் மிச்சம் பிடித்த பணம் சுருள் கட்டும் கூலிக்கே போதாது. தண்ணீரின்றி வாடும் பயிருக்கு யார் ஈடு தருவது?

மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் கருவிகள், இணைப்பிகள் முதலியன வாங்க, சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை நாடுவோர் பலர். அங்கே மின்னணுக் கடைகள் நெருங்கியிருப்பதால் விலையை ஒப்பிடுவது எளிது. ஆனால் கேபிளுக்கு விலையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. கடைக்காரர் உற்பத்தியாளரால் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, ஐ.எஸ். 694 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கம்பியில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டு மத்திய அரசின் ஆணை, இவ்வகைக் கம்பிகளுக்கு அம்முத்திரையைக் கட்டாயமாக்கிற்று. உரிம எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். ஐயமிருப்பின் சென்னை தரமணியிலுள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அலுவலகத்தை அணுகலாம்.

மூன்றாவது சோதனைக்குத் தராசே போதும். 90 மீட்டர் கொண்ட 2.5 அளவுச் சுருளில் செம்பு மட்டுமே சுமார் 2 கிலோ இருக்க வேண்டும். மேலுறையோடு நிறுத்தும் சுருள் 2 கிலோவுக்குக் குறைந்தால், நீளமோ கனமோ குறைந்திருக்கிறது; அல்லது அலுமினியத்தின்மேல் செம்பு பூசப்பட்டிருக்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால், உள்ளே வெளுத்த நிறம் பூச்சைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பஞ்சாயத்துக் கொள்முதல் 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டது. ஆகவே கம்பியின் அளவு, உலோகம், நீளம், தர எண் ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே எழுதுதல் வேண்டும். தரம் குறிக்காமல் விலை கேட்டால், மட்டமான சரக்கே மலிவாக வந்து நிற்கும். சரக்கு வந்ததும் உறுப்பினர் இருவர் முன்னிலையில் அளந்து, நிறுத்து, ரசீதில் அளவையும் உரிம எண்ணையும் குறித்துக்கொள்ளுதல் நன்று.

நெல்லை நிறுக்காமல் விற்போமா? கம்பியையும் நிறுக்காமல் வாங்க வேண்டாம். ஊர்ப் பணமும் உழவர் பணமும் செம்பாகவே வந்து சேரட்டும்.