வரப்பில் நடக்கும் பாதம்



தஞ்சைத் தரணியில் நடவு நாளில் வயல் வரப்பைப் பார்த்திருப்பீர்கள். அகலம் ஒரு சாணோ, ஒன்றரைச் சாணோதான். மேலே ஈரக் களிமண், இருபுறமும் தண்ணீர். தலையில் நாற்று முடிகளைச் சுமந்தபடி ஓர் ஆள் அதன்மேல் விரைந்து செல்கிறார். பெருவிரல் மண்ணைக் கவ்வுகிறது. கணுக்கால் கணத்துக்குக் கணம் சாய்ந்து நிமிர்கிறது. வழுக்கப் போவதை உள்ளங்கால் முன்கூட்டியே உணர்கிறது. பாதத்தில் செய்த அறுவைச் சிகிச்சை வென்றதா, தோற்றதா என்று அறிய இதைவிடக் கடுமையான பரீட்சை மண்டபம் இல்லை என்பது என் எண்ணம். இந்த ஊரில் பிறந்து எலும்பு வைத்தியம் பயின்றவன் வேறெப்படி எண்ணுவான்?

இத்துறையில் தமிழ்நாடு உலகுக்கு வழிகாட்டிய வரலாறு ஒன்று உண்டு. அது தொழுநோயிலிருந்து தொடங்குகிறது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு வளைந்து செல்கிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு ஆணை கொண்டு செல்வது அதுவே. தொழுநோய் அந்நரம்பைத் தாக்கிவிட்டால் பாதம் துவண்டு தொங்கும். அடி எடுத்து வைக்கும்போது விரல் நுனி தரையில் இடறும். இடறாதிருக்க முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று போடுவார் நோயாளி. வரப்பில் அவரால் பத்தடி போக முடியாது.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர் அவர். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை டாக்டர் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டியபோது, மடங்கிப்போன கைகளைக் கண்டார். இவற்றை ஏன் எவரும் சீர்செய்ய முயலவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. முதலில் கைகள், பின்னர் பாதங்கள்.

சிகிச்சையின் தத்துவம் எளிது. கெண்டைக்காலின் ஆழத்தில், பாதத்தை உட்புறம் திருப்பும் தசை ஒன்று உண்டு. அதற்கு ஆணையிடுவது வேறு நரம்பு. அத்தசைக்குச் செல்லும் அதன் கிளை பெரும்பாலும் நோய்க்குத் தப்பிவிடுவது. அத்தசையின் நாணைப் பாதத்தின் உட்புறத்திலிருந்து விடுவித்து, முன்பக்கம் கொணர்ந்து, பாதத்தைத் தூக்கும் நாண்களோடு தைத்துவிடுகிறார்கள். ஒரு மதகுக்குப் போகும் நீரை வேறு வாய்க்காலுக்குத் திருப்புவது போன்ற வேலை. ஆயினும் வாய்க்கால் நீருக்குப் புது வழியைக் கற்பிக்க வேண்டியதில்லை; மூளைக்குக் கற்பிக்க வேண்டும். கட்டுப் பிரித்தபின், “உள்ளே திருப்பு” என்று நினைத்தால் பாதம் மேலே எழும்! அந்த வியப்பிலிருந்து இயல்பான நடைக்கு வந்து சேரப் பல வாரப் பயிற்சி தேவை.

நாணை எங்கே தைப்பது என்பதும் சிறிய பிரச்சினை அன்று. ஒரே இடத்தில் தைத்தால் பாதம் ஒரு பக்கம் கோணக்கூடும். செங்கற்பட்டில் பணியாற்றிய டாக்டர் எச். சீனிவாசனும் அவர் தோழர்களும் நாணை இரு வால்களாகப் பிளந்து, ஒன்றைப் பெருவிரலைத் தூக்கும் நாணோடும், மற்றொன்றை ஏனைய விரல்களைத் தூக்கும் நாணோடும் இணைத்தார்கள். அம்முறையை 1968-இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

இனி முக்கியமான கேள்வி: பயன் என்ன என்று எப்படி அறிவது? கட்டுப் பிரித்த அன்று பாதம் நிமிர்ந்தால் நோயாளியும் வைத்தியரும் மகிழ்வர். ஆராய்ச்சியாளன் அன்று மகிழக் கூடாது. பாதம் செங்கோணத்துக்கு மேல் தானே எழுகிறதா, நடக்கும்போது குதிகால் முதலில் ஊன்றுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் அளந்து குறிக்க வேண்டும். இடம் மாற்றிய தசை உள்ளங்கால் வளைவைத் தாங்கி நின்றது ஆதலின், வளைவு சரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புண் வருகிறதா?

ஏனெனில் இச்சிகிச்சை அசைவைத் தருகிறதேயன்றி உணர்வைத் தருவதில்லை. நோயே சதையை அழுகச் செய்கிறது என்று முன்பு நம்பினர். உணர்வற்ற பாதத்தில் ஒரே இடம் அடிக்கு அடி அழுத்தப்படுவதே புண்ணுக்குக் காரணம் என்று பிராண்டும் அவர் குழுவினரும் காட்டினர். வலி இருந்தால் நாம் அறியாமலே நொண்டி, அவ்விடத்துக்கு ஓய்வு தருவோம். அவர்களுக்கு அந்த ஓய்வு இல்லை. இலங்கையில் டாக்டர் மில்ராய் பால் 1930-களில் கையாண்ட மாவுக்கட்டு முறை வேலூரில் பயன்பட்டது. கட்டு அழுத்தத்தைப் பரப்பியது, புண் ஆறியது. ஆறிய பாதம் மீண்டும் புண்படாதிருக்க, நுண்துளை ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்புகளைச் செய்து கொடுத்தனர்.

இங்கேதான் நம் மாவட்டத்தின் சங்கடம் தோன்றுகிறது. சேற்றில் எந்தச் செருப்பு நிற்கும்? சிகிச்சை பெற்று நன்கு நடந்த உழவர் ஒருவர் என்னிடம், “பாதம் தூக்குதுங்க ஐயா, ஆனா வயல்ல எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே” என்றார். அளவுகோலின்படி அவர் தேறியவர். நடவு நாளில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர். அவருக்குக் களத்து மேட்டில் நெல் அளக்கும் வேலை கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை. நோயாளி எந்த வேலைக்குத் திரும்பினார் என்ற பத்தியும் ஆராய்ச்சி அட்டையில் இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

தொழுநோயைக் கூட்டு மருந்தால் குணப்படுத்தலாம். உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் அதைப் பரிந்துரைத்தது. ஆயினும் 2022-இல் இந்தியாவில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்பட்டனர். உணர்வற்ற தேமலைக் கண்டவுடன் வருபவருக்குப் பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவால் உணர்விழந்த பாதங்களும் அதே விதத்தில் புண்படுவதை அங்கே கவனித்தார். நீரிழிவுக்காரரின் உள்ளங்கால் புண்ணுக்கு இன்று உலகெங்கும் போடப்படும் மாவுக்கட்டு, இலங்கையிலும் இந்தியாவிலும் தொழுநோயாளர் பாதங்களில் முதன்முதல் பார்த்தறிந்ததுதான்.