முறையிட்டவனின் பொறுமை



பொறுமையையும் இறைநம்பிக்கையையும் பற்றி ஆராயக் களியக்காவிளையில் கூடியிருக்கிறோம். இந்தப் பொருளுக்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரசில் அலுவலராக இருந்தவர். பொருள் இழப்பும் மனச்சோர்வும் அவரை வாட்டிய நாட்களில் ஆறுதல் சொன்னவர் டிலனாய். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்த டச்சுக் கம்பெனிப் படைவீரர் அவர். நாடும் பதவியும் இழந்த ஒருவர், இழப்பில் தவித்த இன்னொருவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். 1749 பிப்ரவரியில் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள், அடித்தார்கள். விசுவாசத்தை விட்டுவிட்டால் விடுதலை உண்டு என்ற வாசல் அந்த ஆண்டுகளிலெல்லாம் திறந்தே இருந்தது. அவர் அதன் வழியே போகவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தேவசகாயம் கேட்ட யோபுவின் கதை எப்படிப்பட்டது? நம் பிரசங்கங்களில் வரும் யோபு, எல்லாவற்றையும் இழந்தும் முறையிடாத மனிதர். அது யோபு நூலின் தொடக்கத்தில் மட்டும்தான். அதன்பின் அதிகாரம் அதிகாரமாக அவர் அழுகிறார், வாதாடுகிறார், கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். வாயை மூடிக்கொள், இது உன் பாவத்தின் பலன் என்று புத்தி சொல்பவர்கள் அவருடைய நண்பர்கள். முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அந்த நண்பர்களைத்தான். முறையிட்ட யோபு சரியாகப் பேசினார் என்கிறார். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தானே முறையிடுவான்? யோபுவின் பொறுமை இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது.

இதே குமரி மாவட்டத்தில் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1822 முதல் 1859 வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம். மார்பை மறைத்ததற்காகச் சந்தைகளில் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது. ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் தீயிடப்பட்டன. மீட் ஐயர் போன்ற மிஷனரிகளும் சபையாரும் மனுமேல் மனு எழுதினார்கள். 1829இல் வந்த ஆணை அவர்களுக்குப் பாதகமாக இருந்தது. ஜெபமும் நிற்கவில்லை, மனுவும் நிற்கவில்லை. 1859இல் உரிமை கிடைத்தது, அதுவும் முழுமையாக இல்லை. அந்தத் தாய்மார் காத்திருந்தார்கள், ஆனால் சீலையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. குடிகாரக் கணவனிடம் அடிபட்டு நம் சபைகளுக்கு வரும் பெண்ணிடம், பொறுத்துப்போ, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம். யோபுவின் நண்பர்கள் செய்த வேலை இது. இதற்குக் கடவுளின் பெயரைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. நம் இறையியல் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாள் அந்தச் சிறைக்காலத்தை வெளியிலிருந்து சுமந்தவர். அவரைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. அதுபோலவே, தமிழும் மலையாளமும் கலந்து ஜெபிக்கிற இந்த எல்லையூர்களின் வயதான தாய்மார் எதை நம்பி, எதை எதிர்த்து, எப்படிக் காத்திருந்தார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்யுங்கள். கத்தோலிக்கர், மலங்கரை, சிஎஸ்ஐ, இரட்சணிய சேனை என்று பிரிக்காமல் வீடு வீடாகப் போங்கள். அந்தப் பணிக்கான குழுவை இன்று மாலை அமர்விலேயே அமைத்துவிட விரும்புகிறேன்.