பசளை போட்ட புல்லும் குதிரையின் வாயும்

யூரியாவை எப்படித் தூவுவது என்று நான் சொல்லப்போவதில்லை. கண்டியைச் சுற்றி மாடு வளர்ப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் திகன, குண்டசாலைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "பசளை போட்டு எத்தனை நாளில் மேயவிடலாம், அண்ணே?"

நாளை எண்ணாதீர்கள். மழை பெய்யட்டும், மணி கரையட்டும், புல் ஒரு சாண் வளரட்டும். இந்த மூன்றும் முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை கொட்டுவதால் காரியம் சீக்கிரம் நடக்கும். பெப்ரவரி வெயிலில் தூவினால் மாதம் போனாலும் பசளை மண்ணுக்குள் இறங்காது. யூரியாவின் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றோடு போய்விடும், காசும் அதோடு போகும்.

மாட்டை விட்டோமே, ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் புல்லை வளைத்து இழுக்கும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு. தரையோடு ஒட்டிக் கடிக்கும். புல்லடியில் என்ன கிடந்தாலும் அதன் வாய்க்குள் போகும்.

ஆகவே நான் செய்வது இதுதான். நல்ல மழை பெய்த மறுநாள் காலை நிலத்தில் இறங்கி நடப்பேன். அங்கங்கே குந்தி, புல்லை விரலால் விலக்கி அடியைப் பார்ப்பேன். நடு நிலத்தைவிட ஓரங்களைத்தான் அதிகம் பார்ப்பேன். பையை இறக்கி வைத்த இடம், பை கிழிந்து சிந்திய இடம், படலையடி, தூவுகிறவர் திரும்பும் மூலை. பரவலாக விழுந்த மணி கரைந்துவிடும். ஒரே இடத்தில் குவிந்ததுதான் ஆபத்து. அள்ளி எடுத்துவிடுங்கள், மண்ணோடு சேர்த்து அள்ளுங்கள். மறுபடி சொல்கிறேன், குவியலைத் தேடுங்கள். என் தாத்தா தோட்டத்துத் துரையிடம் குதிரைக்காரராக இருந்தவர். குதிரையை அவிழ்ப்பதற்கு முன்னே நிலத்தைச் சுற்றி வருவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று. பசளைக்குப் பிறகு வரும் இளந்தளிர் பார்க்க அழகு. ஆனால் கினி புல்லிலும் நேப்பியர் இனங்களிலும் ஒக்சலேற்று உண்டு, தளிரில் அது கூடுதல். அது கல்சியத்தைக் கட்டிவைத்துவிடும். மாட்டின் அசைவயிற்று நுண்ணுயிர்கள் அதைப் பெரும்பாலும் சமாளிக்கும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. வெட்டிய நேப்பியரையே மாதக்கணக்கில் தின்ற ஒரு பெட்டைக் குதிரையைப் பார்த்தேன். முகத்தெலும்பு இருபக்கமும் வீங்கியிருந்தது. பல்வலி என்று நினைத்தார் வளர்த்தவர். மிருக வைத்தியர் வந்து கல்சியக் குறைவு என்றார்.

இப்போது எனக்குக் கோபம் வரும் விஷயம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். தடை போய்விட்டது, இயற்கைப் பசளை மோகம் போகவில்லை. "கோழி எருதானே, இயற்கைதானே" என்று குதிரை மேயும் நிலத்தில் கொட்டுகிறார்கள். கோழிக்கூட்டுக் குப்பையில் செத்த குஞ்சும் கிடக்கும். அது அழுகும்போது உண்டாகும் பொட்டுலின் நஞ்சு குதிரையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். இறைச்சிக் கோழித் தீனியில் மொனென்சின் போன்ற மருந்து கலப்பதுண்டு, சிந்தும் தீனியோடு அதுவும் குப்பையில் சேரும். கோழி தாங்கும் அளவைக் குதிரையின் இதயம் தாங்காது. யூரியாவை மழை கரைக்கும். செத்த குஞ்சை மழை என்ன செய்யும்?

இயற்கைப் பசளைதான் வேண்டுமென்றால் நன்றாக மக்கிய மாட்டெருவைப் போடுங்கள். நான் அதைத்தான் போடுகிறேன். யூரியாவும் எனக்குப் பகையில்லை. மழை பெய்யட்டும், மணி கரையட்டும், புல் ஒரு சாண் வளரட்டும். முதல் நாள் காய்ந்த புல்லைத் தின்னக் கொடுத்து, ஒரு மணி நேரம் மட்டும் விடுங்கள். புல் நாலு விரல் உயரத்துக்கு இறங்கியதும் அடுத்த பாத்திக்கு மாற்றுங்கள். மிச்சப் பசளைப் பையைக் குதிரை எட்டாத அறையில் பூட்டி வையுங்கள். கோழி எருவை மிளகாய்ப் பாத்திக்கு வைத்துக்கொள்ளுங்கள், குதிரை மேயும் நிலத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.